28 லிட்டர்ல ஒருத்தர், 84 லிட்டர்ல ஒருத்தர்: சர்ஃப்போர்டு வால்யூம் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

போர்டு வாங்க போறவங்க முதல்ல கேக்குறது "எனக்கு எத்தன லிட்டர் சரியா வரும்"ன்றதுதான், அதாவது போர்டோட கன அளவு, வால்யூம். ஒரு நம்பர் சொல்லி அனுப்பிடலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க, ஆனா அந்த நம்பர் எந்த உடம்ப வெச்சு வந்துச்சு, எங்க அது ஏமாத்தும்ன்றதெல்லாம் ஒரு ஆள ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கூட இருந்து பாத்தாதான் புரியும். இது நான் கோச்சிங் குடுத்த ஒரு கணவன் மனைவியோட கேஸ். ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு, பேர் ஊர் எதுவும் இல்லாம எழுதுறேன், 'அவர்'னா கணவன், 'அவங்க'ன்னா மனைவி. அவரோட போர்டு ரொம்ப சின்னது, அவங்களோட போர்டு ரொம்ப பெருசு, ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே அலைக்கு வந்தாங்க, அதனால பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்க முடிஞ்சுது.

பின்னணி

அவருக்கு 41 வயசு, 82 கிலோ, நாள் முழுக்க உக்காந்தே பாக்குற வேலை. இருபதுகள்ல நல்லா சர்ஃப் பண்ணவர், சும்மா பேச்சுக்கு இல்ல, பழைய வீடியோ ஒண்ணு காட்டினார், அதுல கட்-பேக் (அலையோட நுரை பக்கமா திரும்பி வர்றது) எல்லாம் சுத்தமா இருந்துச்சு. அப்போ எடை 72, வாரத்துல பாதி நாள் தண்ணியிலதான் இருந்திருக்கார். அப்புறம் வேலை, குழந்தைங்கன்னு பத்து வருஷத்துக்கு மேல போர்டையே தொடல. மறுபடி ஆரம்பிக்கலாம்னு தோணினதும் அந்த காலத்துல வெச்சிருந்த அதே அளவ தேடிப்பிடிச்சு புதுசா ஒண்ணு வாங்கிட்டார்: 5 அடி 10 இன்ச் நீளம், 19 1/2 இன்ச் அகலம், 2 3/8 இன்ச் தடிமன், ஸ்ட்ரிங்கர் (போர்டு நடுவுல நீளமா போற மரச்சட்டம்) ஓரமா 28.5 லிட்டர்னு எழுதியிருந்துச்சு. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கால்குலேட்டர்லயும் போட்டு பாத்திருக்கார். எடை 75, லெவல் 'அட்வான்ஸ்டு'ன்னு குடுத்திருக்கார், அதுவும் 28க்கு பக்கத்துலதான் காட்டியிருக்கு.

இதுல அவர் யாரையும் ஏமாத்த நினைக்கல. எடை பாத்து ரொம்ப நாளாச்சு, மனசுல நின்ன நம்பர குடுத்தார். லெவல்னு கேட்டா எல்லாரும் தங்களோட நல்ல நாளத்தான் நினைச்சுக்குவாங்க, இது அவர் ஒருத்தரோட பழக்கம் இல்ல.

அவங்களுக்கு 36 வயசு, 56 கிலோ. சர்ஃபிங் கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது, ஆனா நீச்சல் பல வருஷமா விடாம பண்றவங்க, தோள்ல நல்ல தெம்பு. கத்துக்க ஆரம்பிச்சப்போ குடுத்த 8 அடி ஃபோமியிலயே (மெத்துன்னு இருக்கிற பயிற்சி போர்டு) இன்னும் இருந்தாங்க, 84 லிட்டர்.

வந்த அன்னிக்கு அவர் கேட்டது இதுதான்: "போர்டு சரியாத்தான் இருக்கு சார், டச் விட்டுப்போச்சு, டெக்னிக் மட்டும் பாத்து சொல்லுங்க." அவங்க கேட்டது வேற: "எனக்கு போர்டு திரும்பவே மாட்டேங்குது, இவரோடத நான் எடுத்துக்கட்டுமா?"

அந்த ரெண்டாவது கேள்விய தள்ளிட முடியாது. 28.5 லிட்டர 56 கிலோவால வகுத்தா 0.51 வருது, இந்த வகுத்தல் எதுக்குன்னு கீழ சொல்றேன். பேப்பர்ல பாத்தா அவரோட போர்டு அவர விட அவங்களுக்குத்தான் பொருத்தம்.

முதல் நாள் தண்ணியில பாத்தது

அலை இடுப்புலேர்ந்து நெஞ்சு உயரம், மெதுவான பீச் பிரேக் (மணல் தரைமேல உடையற அலை), காத்து லேசா. நான் கரையிலேர்ந்து வீடியோ எடுத்துட்டு பின்னாடி உள்ள போனேன்.

அவர் போர்டுல படுத்தா நெஞ்சுக்கு மேல தண்ணி ஓடுது. நோஸ் (போர்டோட முன் நுனி) மேல வரணும்னு கொஞ்சம் பின்னாடி நகர்ந்தா டெயில் (பின் நுனி) அமுங்கி போர்டு சாய்ஞ்சே நிக்குது, அப்புறம் ஒவ்வொரு பேடிலும் (கையால துழாவுறது) தண்ணிய முன்னாடி தள்ளத்தான் போகுது. நோஸ் தண்ணிய விட்டு ரெண்டு விரல் அகலம் மேல இருக்கணும், அதுதான் படுக்குற இடம் சரின்றதுக்கு அடையாளம். அவருக்கு அந்த இடமே கிடைக்கல, முன்னாடி போனா முழுகுது பின்னாடி வந்தா இழுக்குது. லைன்-அப் (அலைக்கு காத்திருக்கிற இடம்) போய் சேர்றதுக்குள்ள முழங்கை தொங்கிப்போச்சு, தோள் காது வரைக்கும் ஏறிடுச்சு.

அலை வந்தப்போ நடந்தத மெதுவா ஓட்டி பாத்தேன். அலை பின்னாடி வந்து அவர தூக்குது, அந்த நேரத்துல போர்டு கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே இருக்கு, வேகமே இல்ல, அலை அவர தாண்டி போயிடுது, இல்லேன்னா ரொம்ப லேட்டா செங்குத்தான பிறகு பிடிக்குது, நோஸ் நேரா உள்ள போயிடுது. ஆனா எப்பவாவது ஒண்ணு மாட்டினா, அடடா, பாப்-அப் (படுத்த நிலையிலேர்ந்து எழுந்து நிக்கிறது) சட்டுனு வருது, கண்ணு அலை இன்னும் உடையாத பக்கத்து மேல, கால் சரியான இடத்துல. நின்ன பிறகு அவர்கிட்ட குறையே இல்ல. கொஞ்ச தூரம் போய் அலை சப்பையா ஆகுற இடத்துல போர்டு செத்துப்போகுது, அவர் முட்டி வரைக்கும் முழுகிட்டு நிக்கிறார்.

அவங்க கதை அப்படியே தலைகீழ். போன அலையெல்லாம் பிடிக்கிறாங்க, அதுவும் ரொம்ப சீக்கிரமா, அலை உடையறதுக்கு முன்னாடியே. பிடிச்சுட்டு முதல்ல ஒரு முட்டிய ஊனி, அப்புறம் எழுந்து, நேரா கரைக்கு. ஒரு பக்கம் சாய்ஞ்சாலும் ஃபோமியோட தடிச்ச ரெய்ல் (பக்க ஓரம்) தண்ணிக்குள்ள இறங்கவே இல்ல, 56 கிலோவுக்கு அது இறங்காது. வெளிய போறப்போதான் பாவமா இருந்துச்சு. ஒவ்வொரு ஒயிட் வாட்டரும் (அலை உடைஞ்சு வர்ற நுரை) அவங்கள வந்த தூரத்துல பாதிக்கு திருப்பி அனுப்புது. டக் டைவ் (போர்ட அமுக்கி அலைக்கு கீழ போறது)ன்ற பேச்சுக்கே இடமில்ல, 84 லிட்டர தண்ணிக்குள்ள அழுத்துறது மூடி போட்ட காலி குடத்த அமுக்குற மாதிரி. ரெண்டு தடவ போர்டு கைய விட்டுப் போச்சு, பின்னாடி ஆள் இருந்திருந்தா அடி பட்டிருக்கும்.

கரையில அளந்தது

முதல் வேலையா எடை பாத்தோம், அன்னிக்கு எடை, நினைவுல இருக்கிற எடை இல்ல. அடுத்து அலை இல்லாத அமைதியான தண்ணியில ரெண்டு பேரையும் ஒரே போர்டுல மாத்தி மாத்தி அஞ்சு நிமிஷம் விடாம பேடில் பண்ண சொன்னேன், வேகம் முக்கியமில்ல, ஒரே சீரா போகுதான்னு மட்டும் பாக்க. அவர் ரெண்டு நிமிஷம் நல்லா போனார், அப்புறம் கை தண்ணிய பிடிக்காம வழுக்க ஆரம்பிச்சுது, தலை கீழ வந்துடுச்சு, முதுகு வளைவு போயிடுச்சு. அவங்க கடைசி வரைக்கும் ஒரே தாளத்துல.

இதுலேர்ந்துதான் இந்த கேஸோட முக்கியமான விஷயம் கிடைச்சுது. 'லெவல்'னு ஒரே வார்த்தைல கேக்குறோம், ஆனா அதுக்குள்ள மூணு தனித்தனி விஷயம் இருக்கு: நின்ன பிறகு ஓட்டுற திறமை, அலைய பிடிச்சு எழுந்திருக்கிற திறமை, தோளோட தெம்பு. அவர்கிட்ட முதலாவது நிறைய இருக்கு, மூணாவது இல்ல. அவங்ககிட்ட மூணாவது நிறைய, முதலாவது இன்னும் வரல. தண்ணியில இருக்கிற நேரத்துல சுமாரா பாதி பேடில்லயே போயிடும், அலை மேல நிக்கிறது பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அந்த பாதி நேரத்த சமாளிக்கத்தான் முதல்ல லிட்டர் வேணும்.

லிட்டர் கணக்கு, தேவையான அளவுக்கு மட்டும்

போர்டு முழுசா முழுகினா எவ்வளவு தண்ணிய ஒதுக்கும்ன்றதுதான் வால்யூம். கடல் தண்ணி ஒரு லிட்டர் சுமாரா 1.025 கிலோ, அதனால 28.5 லிட்டர் போர்டு கிட்டத்தட்ட 29 கிலோ தூக்கும், அதுல போர்டோட சொந்த எடைய கழிச்சுக்கணும். அப்போ 82 கிலோ ஆள் எப்படி மிதக்குறார்னு கேட்டா, உடம்பு தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் தானாவே கிட்டத்தட்ட மிதக்கும், தண்ணிக்கு மேல தூக்கி வெச்சிருக்கிற தலை, முதுகு, தோள் இதோட பாரத்த மட்டும்தான் போர்டு தாங்கணும். தாங்க முடியலேன்னா அதுவரைக்கும் உடம்பு கீழ இறங்கும், இறங்கின அளவுக்கு தண்ணி இழுக்கும். அவர் நெஞ்சு மேல ஓடின தண்ணி அதுதான். எழுந்து நின்னு வேகம் வந்துட்டா போர்டு தண்ணி மேல சறுக்கும், அப்போ வால்யூமோட வேலை குறைஞ்சுடும். அதனாலதான் வேகமா நல்லா உடையற அலையில சின்ன போர்டு போதும், சப்பை அலையில வேகம் விழுந்ததும் அது காலுக்கடியில முழுகிடுது.

எடைக்கு ஏத்த கணக்குக்கு கில்ட் ஃபேக்டர்னு ஒண்ணு பரவலா பேசுவாங்க, போர்டு லிட்டர கிலோவால வகுத்தா வர்ற நம்பர். போட்டிக்கு போற லெவல்ல இருக்கிறவங்க 0.34லேர்ந்து 0.38 பக்கம் இருப்பாங்க, அடிக்கடி போற நல்ல சர்ஃபர் 0.4 பக்கம், நடுத்தரமா போறவங்க 0.45லேர்ந்து 0.55ன்னு வெச்சுக்கலாம், புதுசா கத்துக்கறவங்களுக்கு 0.8, 1, அதுக்கு மேலயும். டேபிளுக்கு டேபிள் கொஞ்சம் மாறும். வயசு ஏறினா, தண்ணியில இறங்குறது கம்மியானா, தடிச்ச வெட்சூட் (குளிர் தாங்குற உடை) போட்டா மேல ஏத்திக்கணும்.

இத வெச்சு பாத்தா அவர் 72 கிலோவுல இருந்தப்போ அந்த 28.5 லிட்டர் 0.4, ரொம்ப சரியான போர்டு. இன்னிக்கு 82 கிலோவுல அது 0.35. வாரத்துக்கு ஒரு நாள் வர்றவர் போட்டி வீரரோட நம்பர்ல படுத்துட்டு இருக்கார். அவங்க 84ஐ 56ஆல வகுத்தா 1.5. முதல் சில வாரத்துக்கு அது வரம், ஒரு வருஷம் கழிச்சு அது சுவர்.

முதல் முடிவு: நடுவுல ஒரே போர்டு

புதுசா எதையும் வாங்க வேண்டாம்னு முதல்ல சொன்னேன். கடன் வாங்கியோ வாடகைக்கோ எடுத்து பாத்துட்டுதான் வாங்கணும், ஏன்னா வாங்கிட்டா அது சரின்னு நிரூபிக்கவே மனசு பாக்கும், வேற எதுவும் கண்ணுல படாது.

என்கிட்ட ஒரு 7 அடி போர்டு இருந்துச்சு, 21 இன்ச் அகலம், இரண்டே முக்கால் இன்ச் தடிமன், 44.5 லிட்டர், ராக்கர் (போர்டோட நீளவாக்கு வளைவு) கம்மி, நோஸ் கொஞ்சம் அகலம். அவருக்கு அது 0.54, அவங்களுக்கு 0.79. ரெண்டு பேரும் இதையே பங்கு போட்டுக்கட்டும், ஒருத்தர் உள்ள இருக்கும்போது இன்னொருத்தர் கரையிலேர்ந்து வீடியோ எடுக்கட்டும்னு முடிவு பண்ணேன். காரணம் ரெண்டு. ஒண்ணு, போர்டு மாறாம ஆள் மட்டும் மாறினா எது போர்டோட குணம் எது ஆளோட குணம்னு பிரிச்சு பாக்கலாம். இன்னொண்ணு, அவர் 'பெரிய போர்டு'ன்னு முகம் சுளிச்சார், அதையே அவங்க 'சின்ன போர்டு'ன்னு பயந்தாங்க. ஒரே பொருள். அத ரெண்டு பேரும் கண்ணால பாக்கணும்னு நினைச்சேன்.

நடந்தது

அவருக்கு மாற்றம் உடனே தெரிஞ்சுது. படுத்ததும் நெஞ்சு காய்ஞ்சிருக்கு, நோஸ் மேல நிக்குது, ஒரு பேடிலுக்கு போர்டு போற தூரமே வேற. அலை தூக்குறதுக்கு முன்னாடியே நகர ஆரம்பிச்சதால எழுந்திருக்க நேரம் கிடைச்சுது, அந்த நேரம் கிடைச்சதும் பழைய சர்ஃபர் வெளிய வந்துட்டார். பாட்டம் டர்ன் (அலையோட அடியில திரும்புறது) பெருசா வட்டமா இருந்துச்சு, அவருக்கு பிடிக்கல, ஆனா முதல் நாள் முழுக்க பிடிச்ச அலைய விட அதிகமா அரை மணி நேரத்துல பிடிச்சார். தோள்வலியும் குறைஞ்சுது. பின்னாடி அவரே சொன்னது: "முன்னாடியெல்லாம் களைச்சுப் போய் கிளம்புவேன் சார், இப்போ நேரமாச்சுன்னு கிளம்புறேன்."

அவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் கஷ்டம். அலையே பிடிக்கல, இல்ல பிடிச்சும் விழறாங்க. போர்டு சின்னதா போச்சு, திரும்ப ஃபோமிக்கே போயிடலாமான்னு கேட்டாங்க. அங்கதான் வீடியோ காப்பாத்துச்சு. பேடில்ல குறையே இல்ல, போர்டு அலையோட வேகத்துக்கு நல்லாவே வந்துடுது. பிரச்சனை அந்த முட்டி. ஃபோமி அவ்வளவு நிலையா இருந்ததால முட்டி ஊனி மெதுவா எழுந்திருக்க அது இடம் குடுத்துட்டே இருந்துச்சு, ஒரு வருஷமா அந்த பழக்கம் யாருக்கும் தெரியாம உள்ள உக்காந்துட்டு இருந்திருக்கு. 44.5 லிட்டர் அதுக்கு இடம் குடுக்கல, முட்டி ஊனின பக்கம் ரெய்ல் இறங்கி கவுத்துடுது.

இந்த இடத்துல ரெண்டு வழி இருந்துச்சு. போர்ட பெருசாக்கி பிரச்சனைய மறைக்கலாம், இல்ல போர்ட வெச்சுட்டு பிரச்சனைய சரி பண்ணலாம். அவங்களோட தெம்பு போதுமானதா இருந்ததால ரெண்டாவது வழி. தெம்பு இல்லாத ஒருத்தரா இருந்திருந்தா முதல் வழியத்தான் எடுத்திருப்பேன், அதுல எந்த தப்பும் இல்ல. தினமும் வீட்ல தரையில பாப்-அப் பயிற்சி, கை விலா பக்கத்துல, முன்கால் ஒரே வீச்சுல ரெண்டு கைக்கு நடுவுல. தண்ணியில பாதி நேரம் 7 அடி, களைச்சதும் ஃபோமி, ஆனா ஃபோமியிலயும் முட்டி ஊனக்கூடாதுன்னு ஒரே ஒரு கண்டிஷன். கூடவே டர்டில் ரோல் கத்துக் குடுத்தேன், 44.5 லிட்டரயும் அவங்களால அமுக்க முடியாது, ஆனா கவுத்து பிடிச்சுக்கிட்டா நுரை மேல ஓடிப்போயிடும், போர்டு கைய விட்டு போகாது.

ஒரு மாசம் கழிச்சு ஒரு சின்ன அலை, காத்தே இல்லாத காலை, முட்டி இல்லாம எழுந்து பின்பாதத்த கொஞ்சம் பின்னாடி வெச்சு வலது பக்கம் சாய்ஞ்சாங்க, ரெய்ல் இறங்குச்சு, போர்டு திரும்பி அலையோட முகத்து (இன்னும் உடையாத சரிவு) மேலயே ஓடுச்சு. வீடியோல அவர் குரல்தான் பெருசா கேக்குது.

ஒரே லிட்டர், ரெண்டு போர்டு

அவர் அடுத்து லிட்டர்ல கீழ இறங்கணும்னு ஆசைப்பட்டார், அதுக்கு தகுதியும் வந்திருந்துச்சு: வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ வர ஆரம்பிச்சிருந்தார், அஞ்சு நிமிஷ பேடில் சீரா முடிஞ்சுது. எடை கொஞ்சமா குறைஞ்சு 80 ஆச்சு. 40 லிட்டர் பக்கம் ரெண்டு போர்டு கிடைச்சுது, லிட்டர்ல அரை லிட்டர்தான் வித்தியாசம்.

ஒண்ணு 6 அடி 6 இன்ச், 21 இன்ச் அகலம், 2 5/8 இன்ச் தடிமன், 39.5 லிட்டர், நெஞ்சு படுற இடத்துல ஃபோம் அதிகம், ராக்கர் மிதமா. இன்னொண்ணு 6 அடி, 21 1/2 இன்ச் அகலம், 2 7/8 இன்ச் தடிமன், 40 லிட்டர், நோஸ் பக்கம் நல்லா வளைஞ்சு மேல போகுது, ரெய்ல் தடியா. அவருக்கு 6 அடிதான் கண்ணுல நின்னுச்சு, குட்டையா இருக்கு, லிட்டரும் அரை கூட, அப்போ அதுதானே லாபம்.

ரெண்டையும் ஒரே காலையில மாத்தி மாத்தி எடுத்தார். 6 அடி மிதந்துச்சு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா ஓடல. நோஸ் வளைவு தண்ணிய தள்ளுது, தண்ணிய தொடுற நீளம் கம்மி, அதனால அதே பேடிலுக்கு வேகம் கம்மி. எழுந்த பிறகு தடிச்ச ரெய்ல தண்ணிக்குள்ள இறக்க 80 கிலோவுக்கே திணறினார். 6 அடி 6 இன்ச் கொஞ்சம் கீழ உக்காந்துச்சு, ஆனா நழுவி நழுவி போச்சு, அலைய முன்னாடியே பிடிச்சுது, மெல்லிய ரெய்ல் திரும்பும்போது கடிச்சுது.

லிட்டர் ஒரு மொத்த கணக்கு, அவ்வளவுதான். அந்த ஃபோம் எங்க இருக்குன்னு அது சொல்லாது. நெஞ்சுக்கடியில இருந்தா பேடிலுக்கு உதவும், டெயில்ல இருந்தா சப்பை அலையில தள்ளி விடும், ரெய்ல்ல இருந்தா திரும்பறப்போ எதிர்க்கும். என்ன பொருள்ல செஞ்சதுன்றதும் சேரும்: எபாக்ஸி பூசின இபிஎஸ் (தெர்மோகோல் மாதிரி ஃபோம்) போர்டு எடை கம்மி, அதே லிட்டர்ல பியூ (பாலியூரிதேன் ஃபோம்) போர்ட விட மேல மிதக்கிற மாதிரி தெரியும், காத்து அலைக்கழிக்கிற நாள்ல அது துள்ளவும் செய்யும். இந்த ரெண்டும் பியூதான், அதனால அந்த குழப்பம் இதுல இல்ல. அவர் 6 அடி 6 இன்ச்ச எடுத்துக்கிட்டார். அப்போ அவரோட நம்பர் 0.49.

பழைய போர்ட திரும்ப எடுத்த நாள்

ரெண்டு மூணு மாசம் போனதும் அவர் 28.5அ கொண்டு வந்தார். தடுக்கல, ஆனா நாள மட்டும் நான் தேர்ந்தெடுக்குறேன்னு கேட்டுக்கிட்டேன். நெஞ்சு உயரத்துக்கு மேல, சுத்தமா, தள்ளுற பலம் இருக்கிற அலை வந்த நாள்ல எடுக்கச் சொன்னேன், ஏன்னா சப்பை அலையில எடுத்தா என்ன வரும்னு ஏற்கனவே தெரியும், அதுல கத்துக்க எதுவும் இல்ல.

அன்னிக்கு அவர் பிடிச்ச அலை கம்மி, ஆனா பிடிச்சதுல ரெண்டு ரொம்ப அழகு, டக் டைவ் சுலபம், திரும்பறது கூர்மை. முதல் நாள் மாதிரி இல்ல, தோள் தாங்குச்சு. ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள முழங்கை மறுபடி தொங்க ஆரம்பிச்சுது, கரைக்கு வந்து அவரே 6 அடி 6 இன்ச்ச எடுத்துட்டு திரும்ப உள்ள போனார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. நல்ல போர்டு, தப்பான போர்டுன்னு பிரிக்கிறத விட எந்த நாளுக்கு எந்த போர்டுன்ற பேச்சு அன்னிக்குத்தான் அவர்கிட்ட ஆரம்பிச்சுது.

அவங்க அடுத்த கேள்வி

அதே சமயத்துல அவங்க 6 அடி 4 இன்ச், 34 லிட்டர் போர்டு ஒண்ண பாத்து வெச்சிருந்தாங்க, 0.61 வரும். பேடில் பலத்துக்கு அது தாங்கும். இறங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண நாங்க ஒரு அளவுகோல் வெச்சுக்கிட்டோம்: 7 அடியில ரெண்டு பக்கமும், இடமும் வலமும், அலை முகத்து மேல ஓட முடியுதா, பாப்-அப் களைச்ச நேரத்துலயும் முட்டி இல்லாம வருதா. வலது பக்கம் வந்துச்சு, இடது பக்கம் இன்னும் தயக்கம், களைச்சா முட்டி திரும்ப எட்டிப்பாக்குது. ஒரு நாள் இரவல் வாங்கி பாத்தாங்க, அலை பிடிச்சாங்க, ஆனா எழுந்த உடனே சமாளிக்கிறதுலயே அலை முடிஞ்சு போச்சு. வேண்டாம்னு அவங்களே முடிவு பண்ணாங்க. புருஷனோட 28.5 பத்தின கேள்விக்கும் இதுதான் பதில்: 0.51ன்ற நம்பர் எடைய மட்டும் பாக்குது, அந்த நம்பர்ல போறவங்ககிட்ட ஏற்கனவே இருக்க வேண்டிய பாப்-அப்ப அது கணக்குல சேர்க்காது.

இப்போதைய நிலை

அவர் பெரும்பாலான நாள் 39.5 லிட்டர்ல. 28.5 விக்கல, பலமான அலை நாளுக்கு வெச்சிருக்கார். வேலை அதிகமாகி ஒரு மாசம் வர முடியாம போனப்போ திரும்பி வந்த முதல் வாரம் அவரே 7 அடிய கேட்டு வாங்கிட்டு போனார், அது எனக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு. அவங்க 7 அடி அளவுலயே சொந்தமா ஒண்ணு வாங்கிட்டாங்க, 43 லிட்டர், ரெய்ல் கொஞ்சம் மெலிசு. ஃபோமி குழந்தைங்களுக்கு போச்சு.

அடுத்த தடவ மாத்த போறது

எடையும் அஞ்சு நிமிஷ பேடிலும் தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடியே எடுக்கணும், அப்போ முதல் நாள் கவனிப்பே இன்னும் கூர்மையா இருக்கும். ஃபோமியில இருக்கிறவங்கள நல்லா பிடிக்கிறாங்களேன்னு விடாம, முட்டி ஊனுறாங்களான்னு மூணாவது நாலாவது மாசத்துலயே வீடியோவுல பாக்கணும், ஒரு வருஷம் ஊறின பழக்கம் வெளிய வர ரொம்ப நாள் எடுக்குது. அவங்க மாதிரி 84லேர்ந்து 44.5க்கு ஒரே தாவலா இறங்குறது எல்லாருக்கும் ஒத்து வராது, நீச்சல் பின்னணி இல்லாதவங்களுக்கு நடுவுல 55லேர்ந்து 60 லிட்டர்ல ஏழரை அடி போர்டு ஒண்ணு வேணும்.

இன்னொண்ணு, கேள்வித்தாள மாத்திட்டேன். 'உங்க லெவல் என்ன'ன்னு இப்போ கேக்குறதில்ல. போன மாசம் எத்தன நாள் தண்ணியில இறங்கினீங்க, களைச்ச பிறகு பாப்-அப் எப்படி இருக்கும், பெரும்பாலும் போற அலை எப்படிப்பட்டதுன்னு கேக்குறேன். அதுக்கப்புறம்தான் லிட்டர் பேச்சு.